ஆஸ்பத்திரிக் குழுவில் நமக்கும் ஒரு நாற்காலி
(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'அரசு மருத்துவமனையும் பெண்களும்'. தலைப்பு பெருசு, எனக்குக் கொடுத்த நேரம் சிறுசு. அதனால மருந்து, மாத்திரை, சத்துணவு பத்தி நான் பேசப் போறதில்லை. அதைச் சொல்ல டாக்டரம்மா இருக்காங்க, நர்சம்மா இருக்காங்க. நம்ம குழுவிலேயே மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கிற தங்கச்சிங்க வீடு வீடா வந்து பிரஷர், சுகர் பார்த்துச் சொல்லிட்டும் இருக்காங்க. நான் பேசப் போறது ஒரே ஒரு விஷயம். அரசு ஆஸ்பத்திரியைக் கவனிச்சுக்க ஒரு குழு உண்டு. அந்தக் குழுவில் யார் உட்காருறாங்க, அவங்களை யார் உட்கார வைக்கிறாங்க? இது நமக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு அதிகம் போறது நாம்தான். பிரசவம் நமக்கு, பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போறது நாம், மாமனார் மாமியாரைக் கூட்டிக்கிட்டுப் போய் வரிசையில் நிக்கிறதும் நாம்தான்.

என் மருமகள் பிரசவத்துக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தா. ஊர் பேர் வேண்டாம். டாக்டரும் நர்சும் நல்லாவே பார்த்தாங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா பிரசவ வார்டுக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. அவ உள்ளே போனா நான் வெளியே கதவை இழுத்துப் பிடிச்சிட்டு நிக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கும் அப்படித்தான். பக்கத்துக் கட்டில் பொண்ணுக்குத் துணைக்கு ஆள் இல்லை. அவளுக்கும் நான்தான் பிடிச்சேன். நர்சம்மாகிட்ட கேட்டேன். "எழுதிக் கொடுத்திருக்கோம்மா"ன்னாங்க. யாருக்கு எழுதிக் கொடுத்தாங்க, அந்தக் கடிதம் எங்கே போச்சு, யார் கையெழுத்துப் போட்டா தாழ்ப்பாள் வரும்? அன்னைக்கு எனக்குத் தெரியலை. கடையில் வாங்கினா நூறு ரூபாய்க்குள்ள முடியிற சாமான்.

பிறகு விசாரிச்சுப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, இந்த மாதிரிச் சின்ன வேலைக்குன்னே அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு சங்கம் இருக்கு, அதுக்குப் பணம் வருது, உறுப்பினர் பட்டியலும் இருக்குன்னு. பட்டியலைப் பார்த்தேன். அதில் ஒருத்தர் இறந்துபோய் ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னொருத்தர் ஊரை விட்டுத் திருப்பூர் போயிட்டார். பெண்கள் பேர் ஒண்ணு இருந்துச்சு. அந்தம்மாவைத் தேடிப் போய்க் கேட்டா, "நான் எந்தக் குழுவிலும் இல்லையே தாயி"ன்னாங்க. இதைக் கேட்டு நீங்க சிரிக்கிறீங்க. நானும் அன்னைக்குச் சிரிச்சேன். ஆனா கதவைப் பிடிச்சிட்டு நின்னதை நினைச்சா சிரிப்பு நின்னு போகுது.

இந்தக் குழு யாரோ போனாப் போகுதுன்னு நமக்குக் கொடுத்த சலுகை கிடையாது. நம்ம அரசியல் சாசனத்தில் 73-வது திருத்தம் 1992-ல் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்துச்சு. ஊராட்சித் தேர்தலும் அதில் பெண்களுக்கான இட ஒதுக்கீடும் இன்னைக்கு இருக்கிற மாதிரி உறுதியானது அதனால்தான். அதோடு ஒரு பட்டியலையும் சேர்த்தாங்க. பதினோராவது அட்டவணைன்னு பேர். ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம்னு 29 பொருள்கள் அதில் இருக்கு. 23-வது பொருள் என்ன தெரியுமா? சுகாதாரம், துப்புரவு, அதுக்குள்ளேயே மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், மருந்தகங்கள். ஆனா எதை ஒப்படைக்கிறது, எவ்வளவு ஒப்படைக்கிறதுங்கிறதை அந்தந்த மாநிலம் முடிவு பண்ணலாம். அதனாலதான் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறயா இருக்கு.

இது புதுசும் இல்லை. நம்ம பாட்டிமார் காலத்தில் ஜில்லா போர்டு, தாலுகா போர்டுன்னு இருந்துச்சு. போர்டு ஸ்கூல்னு இன்னைக்கும் பழைய ஆளுங்க சொல்லுவாங்க. வெள்ளைக்காரன் ஆட்சியில், 1884-ல் வந்த உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு, ரோடு, பள்ளிக்கூடத்தோட ஆஸ்பத்திரியும் மருந்தகமும் அந்தப் போர்டுகள் பொறுப்பில் இருந்துச்சு. ஆனா அன்னைக்கு ஓட்டு எல்லாருக்கும் கிடையாது. வரி கட்டுறவங்க, சொத்து இருக்கிறவங்களுக்குத்தான். போர்டில் உட்கார்ந்தவங்களும் அவங்கதான். இன்னைக்கு நமக்கு ஓட்டு இருக்கு, ஒதுக்கீடும் இருக்கு. நம்ம மாநிலத்தில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம்னு 2016-ல் சட்டம் பண்ணியாச்சு. ஆனா ஆஸ்பத்திரி அந்த உள்ளாட்சி கையில் இல்லை.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்க. நம்மில் பாதிப் பேர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறினவங்கதான். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியா விடியுமுன்ன போய் பொழுது சாய வருவோம். நானும் பதினோரு வருஷம் போனேன். அங்கே காய்ச்சல் வந்தா, காலில் அட்டை கடிச்சுப் புண் ஆனா, பக்கத்தில் இருக்கிற ஊராட்சி ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம். அங்கே 'ஊராட்சி ஆஸ்பத்திரி'ன்னு சொன்னா நிஜமாவே ஊராட்சியோடது. கேரளாவில் 1994-ல் ஊராட்சிச் சட்டம் கொண்டு வந்தாங்க. 1995 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்னைக்கு ஆஸ்பத்திரிகளை உள்ளாட்சிகளுக்கு மாத்திக் கொடுத்தாங்க. ஆரம்ப சுகாதார நிலையம் கிராம ஊராட்சிக்கு. அதுக்கு மேல உள்ள சமூக சுகாதார நிலையம் வட்டார ஊராட்சிக்கு. மாவட்ட ஆஸ்பத்திரி மாவட்ட ஊராட்சிக்கு. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மட்டும் மாநில அரசுகிட்டயே இருக்கு.

பொறுப்பைக் கொடுத்துட்டுப் பணத்தைக் கொடுக்காம விட்டா, மருமகளிடம் சாவியைக் கொடுத்துட்டு அரிசிப் பானையைப் பூட்டி வச்ச கதைதான். அங்கே அப்படி விடலை. 1996-ல் மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சு, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க. அந்தப் பணத்தில் ஊராட்சி கூடுதல் மருந்து வாங்கலாம், கட்டடம் கட்டலாம். 2017-ல் ஆர்த்ரம்னு ஒரு திட்டம் வந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நல மையமா மாத்த ஆரம்பிச்சாங்க. மத்தியானத்தோட முடிஞ்ச வெளிநோயாளி நேரத்தைச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நீட்டினாங்க. அதுக்கு வேண்டிய கூடுதல் டாக்டர், நர்சு, ஆய்வகப் பணியாளருக்குச் சம்பளம் ஊராட்சியே கொடுக்குது. படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பார்க்க வீட்டுக்கே நர்சு வர்ற திட்டத்தையும் அங்கே ஊராட்சிதான் நடத்துது. கூலிக்குப் போறவளுக்கு ஆறு மணி வரைக்கும் டாக்டர் இருந்தா என்ன அர்த்தம்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் கூலி மிச்சம்.

இந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நிர்வாகக் குழு உண்டு. அதுக்குத் தலைவர் ஊராட்சித் தலைவர். கூட்டத்தைக் கூட்டுறது, தீர்மானத்தை எழுதி வைக்கிறது மருத்துவ அலுவலர் வேலை. ஊராட்சியில் சுகாதாரம், கல்விக்குன்னு இருக்கிற நிலைக்குழுத் தலைவர், ஆஸ்பத்திரி இருக்கிற வார்டின் உறுப்பினர், அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகள் இவங்க எல்லாம் குழுவில் இருப்பாங்க. அங்கேயும் 2010 தேர்தலிலிருந்து உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம். அதனால நிறைய ஊரில் ஆஸ்பத்திரிக் குழுவின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது ஒரு பெண். அதில் பலர் குடும்பஸ்ரீ குழுவிலிருந்து வந்தவங்க. குடும்பஸ்ரீன்னா நம்ம மகளிர் குழு மாதிரிதான், 1998-ல் ஆரம்பிச்சது. நம்ம தமிழ்நாட்டில் குழு ஆரம்பிச்சது அதுக்கும் முன்னாடி, 1989-ல் தர்மபுரியில். வயசில் நாம்தான் அக்கா. அதை மறந்துடாதீங்க.

அங்கே எல்லாம் பாலும் தேனுமா ஓடுதுன்னு நான் சொல்ல வரலை. டாக்டருக்குச் சம்பளம் கொடுக்கிறதும் மாறுதல் போடுறதும் மாநில அரசுதான். அதனால டாக்டருக்கு ரெண்டு எஜமானர். ஊராட்சித் தலைவர் கேள்வி கேட்டா, "துறையில் கேட்டுச் சொல்றேன்"னு சொல்லித் தப்பிக்கவும் முடியும். குழுவில் கட்சிக்காரங்க இருந்தா கட்சிச் சண்டையும் கூடவே வரும். தினக்கூலிக்குத் துப்புரவாளர் போடணும்னா யார் ஆளைப் போடுறதுன்னு இழுபறி வரும். செலவுக்குப் பணம் வேணும்னு சீட்டுக்கு அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் வசூல் பண்றதும் உண்டு. நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுக்குக் காசு கிடையாது. அதை நாம் விட்டுக் கொடுக்கவே கூடாது. இவ்வளவு குறை இருந்தாலும் ஒரு விஷயத்தில் அந்த ஏற்பாடு நல்லது. தாழ்ப்பாள் இல்லைன்னா யாரைக் கேட்கணும்னு அங்கே எல்லாருக்கும் தெரியும். அடுத்த தேர்தலில் அவங்க நம்ம வாசலுக்கு வந்துதான் ஆகணும்.

இப்ப நம்ம மாநிலம். நம்ம ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழே வருது. தாலுகா ஆஸ்பத்திரி இன்னொரு இயக்ககத்தின் கீழே. ஊராட்சி கையில் எதுவும் இல்லை. இதில் நல்லதும் உண்டு, நியாயமாச் சொல்லணும். 1994-ல் தொடங்கின தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுசுக்கும் சேர்த்து மருந்து வாங்குது. அதை மத்த மாநிலங்கள் வந்து பார்த்துக் கத்துக்கிட்டுப் போகுது. ஊருக்கு ஊர் தனியா வாங்கினா அந்த விலைக்குக் கிடைக்காது. ஆனா மாத்திரை சென்னையிலிருந்து கணக்கா வந்துடும், தாழ்ப்பாள் வராது. வராந்தாவில் பெஞ்சு, ராத்திரி வெளிச்சம், குடிதண்ணி, வார்டு கழிப்பறை, கூட வந்தவங்க உட்கார ஒரு நிழல், இதை எல்லாம் அந்த ஊரில் இருக்கிறவங்கதான் பார்க்க முடியும்.

அதுக்காகத்தான் நோயாளர் நலச் சங்கம். இது எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். 1994-ல் குஜராத் சூரத்தில் பிளேக் வந்து நாடே பயந்துச்சு. அப்போ மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் ஊரில் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஆஸ்பத்திரின்னு ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி. அங்கே எலித்தொல்லை சொல்லி மாளாது. பிளேக் பயத்தில் மாவட்ட நிர்வாகமும் ஊர் மக்களும் சேர்ந்து, நோயாளிகளை வேற இடத்துக்கு மாத்தி, ஆஸ்பத்திரியையே காலி பண்ணிச் சுத்தம் பண்ணினாங்க. சுத்தம் பண்ணின இடம் மறுபடி அழுக்காகாம இருக்கணுமே! அதுக்கு ஊர் மக்களும் இருக்கிற ஒரு குழுவை அமைச்சாங்க. ரோகி கல்யாண் சமிதின்னு பேர். கல்யாணம்னதும் நம்ம ஊர்க் கல்யாணம்னு நினைச்சுக்காதீங்க. அங்கே கல்யாண்னா நலம். 2005-ல் தேசிய ஊரக நலவாழ்வுத் திட்டம் வந்தப்ப நாடு முழுக்க இதைக் கொண்டு வந்தாங்க. நம்ம மாநிலத்தில் நோயாளர் நலச் சங்கம்னு பேர் வச்சு, 1975-ஆம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு பண்ணினாங்க. பதிவு பண்ணின சங்கம்னா கூட்டம் நடத்தணும், கணக்கு வைக்கணும், தணிக்கை பண்ணணும். நம்ம கூட்டமைப்புக்கு என்ன ஒழுங்கோ அதே ஒழுங்குதான்.

பணம் எவ்வளவு? அந்தத் திட்டம் தொடங்கினப்ப ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு வருஷத்துக்கு வகுத்த கணக்கு இது. உடனடிச் சில்லறைச் செலவுக்கு 25,000 ரூபாய். கட்டடப் பராமரிப்புக்கு 50,000 ரூபாய். நலச் சங்கத்துக்கு 1,00,000 ரூபாய். ஆக மொத்தம் 1,75,000 ரூபாய். இது தவிர கிராம அளவில் சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக்குன்னு ஒரு குழு உண்டு. அதுக்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய். இந்தத் தொகையைக் கேட்டு மலைக்காதீங்க. நம்ம குழு ஒண்ணே வங்கியில் இதைவிட அதிகமாக் கடன் வாங்கி, பிரிச்சுக் கொடுத்து, வட்டியோட கட்டி முடிக்குது. ஒரு லட்சத்து எழுபத்தஞ்சாயிரத்துக்குக் கணக்குப் பார்க்க நமக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது.

சரி, இந்தச் சங்கத்தில் உறுப்பினரை யார் தீர்மானிக்கிறாங்க? அதிகாரிகள் பதவி வழியா வந்துடுவாங்க. உள்ளாட்சிப் பிரதிநிதிக்கு இடம் உண்டு. பொதுமக்கள் தரப்பு, சேவை அமைப்பு, மகளிர் குழுத் தரப்புன்னு சில இடங்கள் உண்டு. அந்த இடங்களுக்குப் பேர் வருதே, அதுதான் முக்கியமான இடம். பெரும்பாலும் எப்படி வருது? மேலே இருந்து கடிதம் வருது, "உறுப்பினர் பட்டியல் அனுப்பவும்". ஆஸ்பத்திரியில் அன்னைக்கு அவசரம். தெரிஞ்சவங்க பேரை எழுதி அனுப்பிடுறாங்க. அவங்க மேல தப்புச் சொல்ல மாட்டேன். யாரும் பேர் கொடுக்கலைன்னா அவங்கதானே எழுதணும்? இறந்தவர் பேர் பட்டியலில் ரெண்டு வருஷம் இருந்ததுக்கும் காரணம் இதுதான். அவரை யாரும் அனுப்பலை. அதனால அவர் போன பிறகு அந்த இடம் காலின்னு சொல்லவும் யாருமில்லை.

ஒரு ஆளை யார் உட்கார வைக்கிறாங்களோ, அவங்களுக்குப் பதில் சொல்லத்தான் அந்த ஆளுக்குத் தோணும். இது மனுஷ சுபாவம். அதிகாரி எழுதிப் போட்ட பேர் அதிகாரி முகத்தைப் பார்க்கும். கட்சி போட்ட பேர் கட்சி முகத்தைப் பார்க்கும். கூட்டமைப்பு கூடிப் பேசி, தீர்மானம் போட்டு அனுப்பின பேர்தான் நம்ம முகத்தைப் பார்க்கும். அதுவும் நாம் மாசா மாசம் அவளைக் கேள்வி கேட்டாத்தான்.

இன்னொரு காரணமும் இருக்கு. தமிழ்நாட்டில் உள்ளாட்சி நாற்காலி அடிக்கடி காலியாப் போகுது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிஞ்சுது; ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். மூணு வருஷத்துக்கு மேல தலைவர், உறுப்பினர் யாருமே கிடையாது. அப்புறம் அந்தத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோட பதவிக்காலம் முடிஞ்சு மறுபடி தனி அலுவலர்கள் வந்தாங்க. நம்ம தேனி மாவட்டமும் அதில் ஒண்ணு. உள்ளாட்சிப் பிரதிநிதிக்குன்னு குழுவில் இடம் இருந்தும், அந்தக் காலத்தில் அதில் உட்கார மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. ஆனா அந்த மூணு வருஷமும் நம்ம கூட்டம் ஒரு மாசமாவது நின்னுச்சா? கொரோனா காலத்தில் கூடத் தள்ளித் தள்ளி உட்கார்ந்து சேமிப்பு எழுதினோம். ஊரில் ஆள் மாறாம, கூட்டம் நிக்காம இருக்கிற அமைப்புன்னா அது நாம்தான். ஆனா ஒண்ணு சொல்றேன்: நாம் ஊராட்சிக்கு மாற்று இல்லை. தேர்தல் நடக்கணும், தலைவர் வரணும், குழுவில் அவங்களும் உட்காரணும். அவங்க பக்கத்தில் நம்ம ஆளும் உட்காரணும், அவ்வளவுதான் நான் கேட்கிறது.

விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஆஸ்பத்திரி நலச் சங்கத்தைத் திருத்தி அமைக்கப் போறாங்க. கூட்டமைப்பிலிருந்து பேர் கொடுங்கன்னு டாக்டரம்மாவே வாய்விட்டுக் கேட்டிருக்காங்க. இது நல்ல வாய்ப்பு. "யாராவது ஒருத்தி பேரைக் கொடுத்துட்டு வாங்க"ன்னு விட்டுட்டா மறுபடி அதே கதைதான். எப்படி அனுப்புறதுன்னு எனக்குத் தோணினதைச் சொல்றேன். நீங்க கூட்டிக் குறைச்சுக்கோங்க.

முதல் விஷயம், செயற்குழுவுக்குள்ளேயே முடிவு பண்ணக் கூடாது. எல்லாக் குழுக்களும் வந்திருக்கிற பொதுக்கூட்டத்தில் பேரை முன்மொழிஞ்சு, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அதன் நகலோட பேரைக் கொடுக்கணும். ரெண்டாவது, ஒருத்திக்குப் பதில் ரெண்டு பேரைச் சொல்லுவோம்; ஒருத்திக்கு உடம்பு முடியலைன்னா இன்னொருத்தி போகட்டும். அதில் ஒருத்தி காலனித் தெருவிலிருந்து வரணும். ஆஸ்பத்திரியை அதிகம் நம்பி இருக்கிறது அந்தத் தெரு. கேட்க ஆள் இல்லாம இருக்கிறதும் அந்தத் தெருதான். மூணாவது, ஆஸ்பத்திரிக்குச் சாமான் கொடுக்கிற கடைக்காரர், வேலை எடுத்துச் செய்யிறவர், அங்கே வேலைக்கு மனு போட்டவங்க, இவங்க வீட்டுப் பெண்களாக இருக்கக் கூடாது. நல்லவங்களாகவே இருக்கட்டும், பணம் பிரியிற இடத்தில் சொந்தக்காரி உட்காரக் கூடாது. நாலாவது, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆளை மாத்துவோம். நம்ம குழுவில் ஊக்குநர், பிரதிநிதியை மாத்துற மாதிரி. அஞ்சாவது, கூட்டத்துக்குப் பொண்டாட்டி பேரில் புருஷன் போற கதை இங்கே வேண்டாம். கையெழுத்து யாருதோ, வாயும் அவளுதாகத்தான் இருக்கணும்.

அங்கே போய் என்ன பண்றது? சண்டை போடப் போகலை. டாக்டர் என்ன ஊசி போடணும்னு சொல்ற உரிமை நமக்குக் கிடையாது. அது அவங்க படிச்ச படிப்பு. நம்ம கேட்க வேண்டியது நாலு புத்தகம். கூட்டத் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், வங்கிப் பாஸ்புக், பொருள் இருப்புப் பதிவேடு. போன வருஷம் எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு செலவாச்சு, எவ்வளவு செலவாகாமத் திரும்பிப் போச்சு? இந்த மூணு கேள்வியைக் கேட்டாலே போதும். செலவாகாமக் கிடக்கிற பணமும் களவு போன பணமும் கழிப்பறைக் கதவுக்கு ஒண்ணுதான், ரெண்டிலேயும் தாழ்ப்பாள் வராது. இதோட, கூட்டத்துக்கு முந்தின நாள் நம்ம ஆள் ஆஸ்பத்திரியை ஒரு சுத்துச் சுத்திப் பார்த்துட்டுப் போகணும். வார்டில் படுத்திருக்கிற பொண்ணுங்ககிட்ட, "என்ன குறை தாயி?"ன்னு கேட்டுக் குறிச்சுக்கணும். வெறும் கையோட போனா வெறும் டீயோட திரும்பி வருவோம்.

கூட்டமே நடக்கலைன்னா? அதுக்கும் வழி இருக்கு. வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்டு, தீர்மானத்தில் எழுத வைக்கலாம். தாழ்ப்பாள் கதையும் கடைசியில் கிராம சபையில்தான் முடிஞ்சுது. நாங்க பதினாலு பேர் போய் உட்கார்ந்து பேச்சை எடுத்தோம். அடுத்த வாரம் தாழ்ப்பாள் வந்துச்சு. அதுக்கும் மசியலைன்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. 2005-ல் வந்த சட்டம். பத்து ரூபாய் கட்டணத்தோட ஒரு தாளில் எழுதிக் கேட்டா, 30 நாளில் பதில் கொடுக்கணும்.

"நமக்கு இதெல்லாம் தெரியுமா, அங்கே படிச்சவங்க நடுவில் எப்படி வாயைத் திறக்கிறது?"ன்னு பின்வரிசையில் ஒரு அக்கா சொல்றது கேட்குது. அக்கா, முதல் தடவை வங்கிக்குப் போனப்ப மேனேஜர் அறை வாசலில் செருப்பைக் கழட்டிட்டு நின்னவங்கதானே நாம? இன்னைக்கு அதே மேனேஜர் நம்ம குழுவுக்குக் கடன் கொடுக்கக் கூப்பிட்டுப் பேசுறார். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர் கூட, "போன மாசம் வட்டி ஏன் இருபது ரூபாய் கூடுதலா இருக்கு?"ன்னு கேட்கிறதை நான் நம்ம கூட்டத்தில் பார்த்திருக்கேன். அந்தக் கேள்வியைத்தான் ஆஸ்பத்திரிக் கூட்டத்திலும் கேட்கணும். வேற எந்தக் கேள்வியும் இல்லை.

அனுப்பிட்டு நாம் மறந்துடக் கூடாது, அதுதான் பெரிய விஷயம். நம்ம ஆள் போய் ஏதாவது கேட்டு, யாராவது முகம் சுளிச்சா, மறுநாள் ஊரில், "பெரிய இவ, டாக்டரையே கேள்வி கேட்கிறா"ன்னு பேசுவாங்க. அன்னைக்கு நாம் அவ பக்கம் நிக்கலைன்னா அடுத்த கூட்டத்துக்கு அவ போக மாட்டா. போனாலும் வாயைத் திறக்க மாட்டா. அதனால ஒவ்வொரு மாசக் கூட்டத்திலும், சேமிப்பு, கடன் முடிஞ்சதும் மூணாவது பொருளா 'ஆஸ்பத்திரி' வரட்டும். அவ அஞ்சு நிமிஷம் சொல்லட்டும், நாம் கேட்போம். நம்ம வீட்டில் யாருக்கு அங்கே என்ன குறை வந்துச்சுன்னு அவகிட்ட சொல்லி அனுப்புவோம்.

விழா முடிஞ்சு சாப்பாட்டுக்குப் போகுமுன்ன, தலைவி அக்கா அனுமதிச்சா, இந்தத் தீர்மானத்தை இங்கேயே எடுத்துக்குவோம். நோயாளர் நலச் சங்கத்துக்கு நம்ம கூட்டமைப்பின் சார்பில் ரெண்டு உறுப்பினர்களைப் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுத்து அனுப்புறது. அவங்க மாசா மாசம் கூட்டமைப்புக்கு அறிக்கை சொல்றது. ரெண்டு வருஷத்தில் ஆளை மாத்துறது. சம்மதம்னா கையைத் தூக்குங்க. பேரை முன்மொழிய ஆசைப்படுறவங்க, சாப்பிட்ட கையோட வந்து செயலாளரிடம் எழுதிக் கொடுங்க. தீர்மானப் புத்தகம் மேஜை மேலேயே இருக்கும்.